ஹார்லிக்ஸ் புட்டியில் கருவேலநத்தம்

மனுரேவா, ஆக்லாந்து
6 மார்ச் 1994

ஆனந்தவல்லிக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை இக்கடிதத்தில் தவிர்த்திருக்கிறேன். கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் வந்த பிறகு அவற்றைத் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

1. 19 ஆகஸ்ட் 1991. நம் இருவருக்கும் பொதுவான கருவேலநத்தம் வீட்டையும் தோட்டத்தையும் அணைக்கட்டுக்கு ஒப்படைக்கும் சம்மதப் பத்திரத்தில், நீ மட்டும் கையெழுத்திட்டாய். எனக்குத் தகவல் வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து, ஒரு பொங்கல் வாழ்த்து அட்டையின் ஓரத்தில்.

2. 7 நவம்பர் 1993. அணையில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்றும், ‘எல்லாரும் பத்திரமாகப் புதூருக்கு வந்து சேர்ந்துவிட்டோம்’ என்றும் எழுதினாய். ‘எல்லாரும்’ என்பதில் அன்னம் அடக்கமா என்று திரும்பக் கேட்டேன். அதற்கு, புதூரில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பதில் வந்தது.

3. 2 ஜனவரி 1994. புது வீட்டின் புகைப்படங்கள் அனுப்பினாய். வாசல், கூடம், சமையற்கட்டு, கோழிக்கூண்டு வரை எடுத்திருக்கிறாய். வீட்டின் தென்மேற்கு மூலை, அதாவது கன்னிமூலை, எந்தப் படத்திலும் இல்லை. தற்செயல் என்று கொள்ள நான் முயன்றேன், முடியவில்லை.

4. 23 ஜனவரி 1994. என்னோடு பழகும் ஆதவன் என்ற இளைஞர், தம் ஊருக்குப் போகிற வழியில் உன்னைப் பார்க்க வந்தார். சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டவரிடம், உள்ளே வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறாய். வீட்டில் சுண்ணாம்பு வாடையே இல்லை என்று அவர் சொன்னார். அவர் கணிப்பொறி படித்தவர். பொய் சொல்ல அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

5. 20 பிப்ரவரி 1994. ஆண்டுதோறும் மாசி மாதத்தில் நீ கன்னிக்குப் படையல் வைத்துத் தபாலில் அனுப்பும் திருநீறும் குங்குமமும் இவ்வாண்டு வரவில்லை. உன் மதினி குணவதி தபால் பெட்டியை இரண்டு வாரம் திறந்து திறந்து பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இறந்துபோன ஆறு வயதுக் குழந்தையை வீட்டுக் கன்னியாக்கி, பெட்டியில் அவளுக்குப் பாவாடை சட்டை வைத்து, வருடா வருடம் புதியது மாற்றி வணங்கும் இந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அது உனக்குத் தெரியும். ஆனால் நம்பிக்கை இல்லாதவனுக்கும் தன் மகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை உண்டு. அவளைப் புதைத்தது நம் தோட்டத்தில். தோட்டம் இப்போது தண்ணீருக்கு அடியில். வழக்கப்படி அவள் குழியிலிருந்து பிடிமண் எடுத்துப் புது வீட்டில் வைத்தாயா, இல்லையா? வைத்திருந்தால் எந்த இடத்தில்?

சுந்தரமூர்த்தி

•

சி பிளாக், புதூர்
24 மார்ச் 1994

அண்ணனுக்கு,

உங்கள் லெட்டர் வந்தது. வாசித்ததும், கோர்ட்டில் இருந்து வந்திருக்கிறதோ என்று இரண்டாம் தடவை கவரைப் பார்த்தேன். அண்ணன் கையெழுத்துத்தான். சரி, நம்பர் போட்டே நானும் எழுதவா? எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

கையெழுத்துப் போட்டேன். ஊரே போட்டது. போடாதவர்கள் வீட்டில் மட்டும் தண்ணீர் ஏறாது என்றா சொன்னார்கள்? தாசில்தார் வந்து மந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தபோது நீங்கள் நியூசிலாந்தில் இருந்தீர்கள். நாட்டுக்கு அணை வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்து லெட்டர் எழுதியதும் நீங்கள்தான். கீழ்நாட்டில் இனி ரெண்டு போகம் நெல் விளையுமாம். நீங்கள் எழுதியது சரிதான். சந்தோஷமா?

இனி உங்கள் கன்னிமூலை. அண்ணே, இங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. மெட்ராசில் ஒரு ஆபீசர் உட்கார்ந்து ஒரு படம் வரைந்திருக்கிறான், அதையே எல்லாருக்கும் கட்டிவிட்டார்கள். அந்தப் படத்தில் தென்மேற்கு மூலையில் என்ன வருகிறது தெரியுமா? கக்கூசு. எங்கள் எல்லார் வீட்டிலும் கன்னிமூலையில் கக்கூசு. அதைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தால் அதற்கு ஒரு நம்பர் போட்டு எழுதியிருப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பழனிசாமி அதற்குள் பீங்கானை உடைத்து எறிந்துவிட்டு, மஞ்சள் தெளித்து சாமியை வைத்துவிட்டார். ‘சர்க்காரு கட்டிக் குடுத்த கோயில்லா’ என்கிறார். அவர் வீட்டுக்காரர்கள் பழையபடி கருவக்காட்டுக்குத்தான் போகிறார்கள். எனக்கு அந்த தைரியம் வரவில்லை.

ஊர் மாறிப்போச்சு. வாழை வைத்தவர்கள் எல்லாம் வலை வாங்கிவிட்டார்கள். நீந்தத் தெரியாதவன் பரிசலில் போய் மீன் பிடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அணையைப் பார்க்க வேன் வேனாய் ஆட்கள் வருகிறார்கள். பூங்காவில் சிமெண்டு மான் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் பிள்ளைகளை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். நம்ம தெரு மேல் படகு விடுவதாகப் பேச்சு.

உங்கள் மகள் பத்திரமாய் இருக்கிறாள். எங்கே என்று கேட்டால், வந்து பாருங்கள். மதினியையும் கூட்டி வாருங்கள். எட்டு வருடமாய் வராதவர்களுக்கு லெட்டரில் மூலை காட்ட என்னால் ஆகாது.

தங்கச்சி,
ஆனந்தவல்லி

•

மனுரேவா
10 ஏப்ரல் 1994

ஆனந்தவல்லிக்கு,

கேட்ட கேள்விக்கும் உன் பதிலுக்கும் இடையே இருந்த தொலைவை அளந்து பார்த்தேன். கழிப்பறை வரை வந்திருக்கிறாய். அதற்கு மேல் வரவில்லை.

‘வந்து பாருங்கள்’ என்கிறாய். வரமுடியாதவனிடம் அப்படிச் சொல்வது அழைப்பு ஆகாது. இங்கே விரி என்ற பகுதியில் சரக்குக் கிடங்கில் என் வேலை எப்படிப்பட்டது என்பது உனக்குத் தெரியும். பௌதிகம் கற்பித்தவனை இங்கே எவரும் கேட்கவில்லை. லாரிகளை வரிசைப்படுத்துபவனைக் கேட்டார்கள். ஆள் குறைப்பு என்ற பேச்சு நடக்கிற ஆண்டில் விடுப்பு கேட்பவன் திரும்பி வந்து தன் நாற்காலியைத் தேடவேண்டியிருக்கும். குணவதி புக்கெகோஹியில் ஒரு பாக்டரியில் வெங்காயம் தரம் பிரிக்கிறாள். அவளுக்கும் அதே நிலைதான்.

ஆகவே, உன் மௌனத்துக்கான காரணங்களை இங்கிருந்தபடியே வரிசைப்படுத்தினேன். நீ பிடிமண் எடுக்கவே இல்லை என்பது ஒன்று. எடுத்து, மூலை இல்லாத காரணத்தால் வேறு யார் வீட்டிலோ ஒப்படைத்துவிட்டாய் என்பது இரண்டு. எடுத்துத் தொலைத்துவிட்டாய் என்பது மூன்று. மூன்றில் எது உண்மையானாலும் நீ எழுதுகிற ‘பத்திரமாய் இருக்கிறாள்’ என்ற வாக்கியம் பொய்யாகிறது. நான்காவதாக ஒன்று இருந்தால் தெரிவி.

இந்த ஊரிலும் தண்ணீர்ப் பஞ்சம். மலைமேல் உள்ள ஏரிகள் வற்றிக்கொண்டு வருகின்றன. நீர்மட்டத்தைத் தினமும் பத்திரிகையில் போடுகிறார்கள். குணவதி குளியலறையில் வாளி வைத்து, சிந்துகிற தண்ணீரைப் பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்றுகிறாள். நேற்று மேசையில் அந்தப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ‘தண்ணி எறங்கினா அடியில இருக்கறது வெளிய தெரியும்ல?’ என்று கேட்டாள். எந்த ஏரியைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

இவ்வாறு முடிவு செய்திருக்கிறேன். உன்னிடம் மண் உண்மையாகவே இருக்குமானால், அதில் பாதியை எங்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். பிடிமண்ணைப் பிரித்து வேறிடம் கொண்டுபோவது வழக்கத்தில் உள்ளதுதான் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். இல்லையென்றால் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் எழுது. மே மாத இறுதி வரை காத்திருப்பேன்.

சுந்தரமூர்த்தி

•

புதூர்
8 ஜூன் 1994

அண்ணனுக்கு,

கெடு தாண்டிவிட்டது, அதற்கும் ஒரு நம்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டது அனுப்பியிருக்கிறேன். தனிப் பார்சல். ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, மதினியின் பழைய நூல்சேலைத் துண்டில் சுற்றியிருக்கிறேன். போஸ்ட் ஆபீசில் என்ன பொருள் என்று கேட்டார்கள். சாமிப் பொருள் என்று எழுதினேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் முறைப்படி எடுத்த மண். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு.

மதினியிடம் கொடுங்கள். நீங்கள் பிரிக்க வேண்டாம். ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி என்னைக் கேள்வி கேட்காதீர்கள்.

ஆனந்தவல்லி

•

மனுரேவா
27 ஜூன் 1994

ஆனந்தவல்லிக்கு,

உன் பார்சல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது.

இந்த நாட்டுக்குள் அயல்நாட்டு மண் வரக்கூடாது. நாங்கள் வந்திறங்கிய நாளில் என் செருப்பின் அடியைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள குவாரன்டைன் அலுவலகத்தில் புட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரையிட்டு வைத்திருக்கிறார்கள். ‘சாமிப் பொருள்’ என்று நீ எழுதியதை அவர்கள் எவ்வாறு மொழிபெயர்த்துக்கொண்டார்களோ, தெரியவில்லை. அதை அழிக்கச் சம்மதிக்கிறேனா, அல்லது உரிமை கோருகிறேனா என்று எழுதித் தர வேண்டுமாம். பிழை என்னுடையதும்தான், அனுப்பு என்றவன் நான். இருபத்து மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக அவளைப் பற்றி ஒன்று கேட்டேன். அதில் சட்டத்தை மறந்தேன்.

ஆனால் இக்கடிதம் சட்டத்தைப் பற்றியது அல்ல.

சனிக்கிழமை தனியாகப் போய் அந்தப் பையைப் பார்த்தேன். தொடவிடவில்லை, பார்க்கவிட்டார்கள். நம் தோட்டத்து மண் செம்மண். நம் அப்பாவின் வேட்டிக் கரையிலிருந்து எந்தச் சவுக்காரத்துக்கும் போகாத செம்மண். புக்கெகோஹியிலிருந்து குணவதி தினமும் தன் நகக்கண்ணில் கொண்டு வருவதும் ஏறத்தாழ அந்த நிறம்தான். ஆகவே எனக்கு நிறம் மறந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பையில் இருப்பது சாம்பல் கறுப்பு. குளத்தடி வண்டல். அதில் விரல் நகமளவு நத்தை ஓடு ஒன்று கிடந்தது. அந்த ஓட்டைக் காட்டித்தான் அதிகாரி இது எந்த நீர்நிலையிலிருந்து எடுக்கப்பட்டது என்று என்னைக் கேட்டார்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் முறைப்படி எடுத்த மண்ணில் நீர்நத்தை எப்படி வந்தது?

நான் அமைதியாக எழுதுகிறேன் என்று நீ எண்ணலாம். அமைதி இல்லை. ஊர்க் குட்டையிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளி, மெழுகு வைத்து அடைத்து, என் மனைவியின் சேலையில் சுற்றி, இது உன் மகள் என்று அனுப்ப உனக்கு எப்படிக் கை வந்தது என்றுதான் கேட்கிறேன். குணவதிக்கு அறிவிப்பு வந்தது தெரியும். நத்தை ஓட்டைப் பற்றித் தெரியாது. வைப்பதற்கு ஓர் இடம் ஒழித்து, அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

முழுமையும் எழுது. நகைச்சுவை வேண்டாம்.

சுந்தரமூர்த்தி

•

புதூர்
9 ஜூலை 1994

அண்ணனுக்கு,

நகைச்சுவை இல்லாமல் எழுதுகிறேன்.

நீங்கள் போட்ட மூன்றில் முதலாவதுதான். தண்ணீர் வருவதற்கு முன்னால் நான் மண் எடுக்கவில்லை. அனுப்பியது போன மாதம் எடுத்தது.

போன வருடம் ஐப்பசியில் பிடிமண் எடுக்க எல்லாம் தயார் செய்தேன். புதுக் கலயம், மஞ்சள் துணி, பூசாரி. கன்னியைக் கேட்காமல் கிளப்பக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்பு ஒரு இலையில். வெள்ளை வந்தால் வருகிறேன் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை எடுத்தது. சிவப்பு. சரி, மனசு வரவில்லை, விடுங்கள் என்றார் பூசாரி. அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தோம். சிவப்பு. அதற்கு அடுத்ததும் சிவப்பு. யாருக்காகக் காத்துக்கிடந்தாளோ, எனக்குத் தெரியாது. வர மாட்டேன் என்கிற பிள்ளையை நான் எப்படி அள்ளிக்கொண்டு வருவது? கார்த்திகைக்குப் பிறகுதான் ஷட்டர் போடுவோம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். இன்னும் ரெண்டு வெள்ளி இருக்கிறது என்று இருந்தேன். மேற்கே மழை அடித்தது. தீபாவளிக்கு முன்னாலேயே ஷட்டரை இறக்கிவிட்டார்கள். காலையில் தோட்டத்துக்குப் போனால் கிணற்றடி வரைக்கும் தண்ணீர். முழங்கால் அளவு. குழி இருந்த இடம் தெரியவில்லை. பழனிசாமிதான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

இதை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? உங்கள் மகள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றா? நீங்கள் சிரிப்பீர்கள். மதினி சிரிக்க மாட்டாள். அதுதான் பயம். பெட்டியும் பாவாடையும் என்னிடம் இருக்கின்றன, டிரங்குப் பெட்டிக்குள். மண் இல்லாமல் பெட்டிக்கு எப்படிப் படையல் வைப்பது? அதனால்தான் மாசிக்குத் திருநீறு வரவில்லை.

மே மாசக் கடைசியில் அணை வற்றி ஊர் வெளியே தெரிந்தது. ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை புதூரே கிளம்பிப் போய்விட்டது. நடந்து போனோம். சேறு காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. கூரை இல்லை, கதவு இல்லை, சுவர் இடுப்பளவு. அவரவர் வீட்டு வாசல்படியில் அவரவர் போய் நின்றார்கள். கதிர்காமநாதன் வாத்தியார் தன் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். ‘ஏ, அது எங்க அடுப்படி, மிதிக்காத’ என்று ஒருத்தி கத்தினாள். பழனிசாமிக்கும் மேலவீட்டுத் தண்டபாணிக்கும் இருபது வருட வேலித் தகராறு உண்டு இல்லையா, அது அங்கேயே மறுபடி ஆரம்பித்துவிட்டது. ‘ஒம் காலு ஏ எடத்துல நிக்கி, எடு’ என்கிறார் இவர். ‘கவர்மெண்டு எடம்ல, ஒங்கப்பன் எடமா’ என்கிறார் அவர். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர்.

நான் தோட்டத்துக்குப் போனேன். அடையாளமாய் நின்ற முருங்கையைக் காண்ட்ராக்டர் வெட்டிவிட்டான். கிணற்றுக் கைப்பிடிச் சுவர் கொஞ்சம் நின்றது, துவைகல் சாய்ந்து கிடந்தது. கிணற்றிலிருந்து துவைகல், அதிலிருந்து வடக்கே என்று ஞாபகம் வைத்துப் போனேன். ஆனால் துவைகல் இருந்த இடத்திலேயே கிடந்ததா, தண்ணீர் நகர்த்திவிட்டதா, எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் ஒரு தடவை தோண்டினேன், அந்தப் பக்கம் ஒரு தடவை. செம்மண் வரட்டும் என்று முழங்கை வரைக்கும் கையைவிட்டேன். வண்டல்தான் வந்தது. அப்புறம் அடியில் ஊறி, தண்ணீர் வந்துவிட்டது. வந்ததை அள்ளிக்கொண்டேன். இந்தத் தடவை பூக்கட்டிக் கேட்கவில்லை.

அது அவள் குழிதானா? இருக்கும். ரெண்டு முழம் தள்ளியும் இருக்கும். சத்தியம் செய் என்றால் என்னால் செய்ய முடியாது, அண்ணே. முறைப்படி எடுத்தேன் என்று எழுதியது பொய். குட்டையில் அள்ளினேன் என்று நீங்கள் எழுதியது அதைவிடப் பெரிய பொய். என் கையில் இன்னும் வெடிப்பு ஆறவில்லை.

நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்களுக்கு ஃபோன் போட்டேன். எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். சரி.

ஆனந்தவல்லி

•

மனுரேவா
24 ஜூலை 1994

ஆனந்தவல்லிக்கு,

உன் 9ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. அதில் உள்ளவற்றை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு குழந்தையின் பெயரால் இரண்டு இலைகளைக் கட்டி, அதில் எது வருகிறது என்று பார்த்து, அணையின் கதவு இறங்கும்வரை காத்திருந்த அறிவைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. அதைச் சொல்லும் நாள் இதுவல்ல. என் கோபம் குறைந்துவிட்டதாக நீ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குவாரன்டைன் அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். அழிக்கச் சம்மதம் என்று கையெழுத்திடுவதென்று முடிவு செய்துதான் போனேன். வண்டலைக் கண்ட பிறகு வேறு முடிவுக்கு இடமில்லை என்று கருதினேன். உன் கடிதம் அன்று காலைதான் வந்தது. அதை வாசித்தபின் அம்முடிவு இன்னும் உறுதியாயிற்று. இடம் தெரியாமல் எடுத்த மண் எந்த மண்ணும் ஆகலாம். காரில் ஏறும்போது குணவதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலைக்குப் போகவில்லையா என்றேன். ‘இன்னிக்கு வெங்காயம் அவங்களே பாத்துப்பாங்க’ என்றாள். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அதில் என்ன இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது: உன் புட்டியை வைத்துக் கொண்டுவர, எங்கள் வீட்டுச் சின்னக் குத்துச்சட்டி.

அந்த அதிகாரி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. மரியாதையானவர். மண்ணை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தார். சமயச் சடங்குக்கு என்றேன். சடங்குப் பொருளா, விவசாய மாதிரியா என்று வகைப்படுத்த வேண்டும் என்றார். நான் பேனாவை எடுத்தேன். அவர் அந்தப் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது ஏதாவது பொருளா, இல்லை யாரோ ஒருவரா என்று கேட்டார். அப்படிக் கேட்பது அவர் வேலையில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. ஆங்கிலம் வரவில்லை என்று நீ நினைக்காதே. எந்த மொழியிலும் வரவில்லை.

குணவதி சொன்னாள்.

பாக்டரியில் கற்ற ஆங்கிலத்தில், சத்தமில்லாமல், ‘மை டாட்டர்’ என்றாள். அதோடு நிறுத்தவில்லை. பெயரைச் சொன்னாள். ஆறு வயது என்றாள். பல் விழுந்து முளைக்கவில்லை என்றாள். இருபத்து மூன்று ஆண்டுகளில் என் முன்னால் அவள் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. நான் இருக்கிற வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று நான் எப்போதும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

அதிகாரி என் கையிலிருந்த படிவத்தைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். விதிகளில் ஒரு வழி உண்டாம். அந்த மண்ணை உயர்ந்த வெப்பத்தில் பல மணி நேரம் சூடேற்றி, அதிலுள்ள உயிரை எல்லாம் நீக்கியபின் எங்களிடம் கொடுக்கலாம். சூடேற்றினால் என்ன ஆகும் என்று குணவதி என்னைத் தமிழில் கேட்டாள். பௌதிகம் படித்தவன் என்ற முறையில் பதில் சொன்னேன்: ஈரம் போகும், நிறம் சற்று மாறும், மண் மண்ணாகவே இருக்கும். ‘அவ சூடு தாங்குவா. காய்ச்சல்ல கெடந்தவதானே’ என்றாள்.

ஆனால் அதற்கு அனுப்பியவரின் வாக்குமூலம் தேவை. இது என்ன, எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, யார் எடுத்தது என்று அனுப்பியவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பெற்றோர் சொல்வது போதாது. ஆகஸ்ட் 19 வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள். அதன்பின் எரிஉலை.

எனவே, நீ எழுத வேண்டியது பின்வருமாறு. தமிழில் எழுது, இங்கே ஆங்கிலப்படுத்தித் தர ஆள் உண்டு.

‘இது என் அண்ணன் சுந்தரமூர்த்தி, மதினி குணவதி ஆகியோரின் மகள் அன்னம் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின் மண். கருவேலநத்தத்தில் எங்கள் குடும்பத் தோட்டத்தில், அவளுக்கு அத்தையாகிய நான் என் கையால் எடுத்தது.’

இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். ‘இருக்கும்’ என்று எழுதாதே. ‘ரெண்டு முழம்’ என்று எழுதாதே. துவைகல், பூக்கட்டு, சிவப்பு இலை எதுவும் வேண்டாம். உன் 9ஆம் தேதிக் கடிதத்தைக் குணவதிக்கு நான் காட்டவில்லை, காட்டப்போவதும் இல்லை. நீயும் அவளுக்குத் தனியாக எதுவும் எழுதாதே. எழுதினால் அதற்கு நீ என்னிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மார்ச் மாதத்திலிருந்து உன்னிடம் நான் உண்மையைத்தான் கேட்டு வந்தேன் என்று நீ சுட்டிக்காட்டலாம். கேட்டேன். கிடைத்தது. இப்போது கேட்பது வேறு. நீ கையெழுத்திட்டு அனுப்பும் அந்த இரண்டு வரியை நான் நம்புவேன் என்பதை முன்கூட்டியே உனக்கு அறிவிக்கிறேன். அதன்பின் அதைப் பற்றி உன்னிடமோ வேறு எவரிடமோ கேள்வி எழுப்ப மாட்டேன்.

ஃபோன் செய்யாதே. சென்ற முறை வைத்தது கோபத்தினால் மட்டுமல்ல. குரலில் நீ அழுவாய்; அழுகை அலுவலகத்தில் செல்லாது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. புதூரில் அந்த வசதி இல்லையென்றால் டவுனுக்குப் பஸ் ஏறு.

உன் எழுத்துமூலமான பதில், கையொப்பத்துடனும் தேதியுடனும், 17 ஆகஸ்ட் 1994 புதன்கிழமைக்குள் என் கையில் இருக்க வேண்டும்.

சுந்தரமூர்த்தி